உச்சிப்பொழுதில் ஒரு தாய்மார் வகுப்பு

உலகத்தில் புத்தி சொல்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை, கேட்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். இது தெரியாத வயதில் நான் சுகாதாரத் தொண்டராகிவிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்த புதிது. உயிரியல் படித்து உயர்தரம் எழுதியிருந்தேன். (பாஸா என்று மட்டும் கேட்காதீர்கள்.) கொஞ்ச நாள் பயிற்சி தந்து, ஒரு படச்சுருளையும் கரியர் ஆடுகிற சைக்கிள் ஒன்றையும் கொடுத்து, ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் ஒரு குடியேற்றத்துக்கு அனுப்பினார்கள். கர்ப்பிணிகளுக்கு ஆபத்து அறிகுறிகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். விடாத தலையிடி, கண் மங்கல், கால் முகம் வீங்குதல், இரத்தம் படுதல்: ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இவ்வளவுதான் பாடம்.

பெண்கள் காலையில் களை பிடுங்கப் போய்விடுவார்கள். பின்னேரம் விறகு, தண்ணீர், அடுப்பு. நடுவில் பன்னிரண்டு மணி யாருக்கும் வேண்டாமல் சும்மா கிடந்தது. ஆகா, இதை ஏன் இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்கு என்மேலேயே மதிப்பு வந்தது. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "ஓம் பிள்ளை, வாறம்" என்றார்கள் எல்லோரும். எங்கள் பக்கத்தில் 'வாறம்' என்பது மரியாதைக்குச் சொல்வது. அதை நம்பிப் பாய் விரிக்கக் கூடாது.

நான் விரித்தேன். குளக்கட்டுக்குக் கீழே, சுவர் எழுப்பிக் கூரை போடாமல் கைவிட்ட பொதுமண்டபம் ஒன்று இருந்தது. அதன் நடுவில் வரிசையாகப் பாய்கள். தொண்டர்களுக்குச் சீருடை கிடையாது. தாதி மாதிரித் தெரியவேண்டும் என்ற ஆசையில், நான் தங்கியிருந்த வீட்டு இராசம்மா அக்காவின் வெள்ளைச் சேலையைக் கேட்டு வாங்கி உடுத்தியிருந்தேன். காலையில் முழுகிய தலை. காயட்டும் என்று முடியை விரித்து விட்டிருந்தேன்.

பன்னிரண்டு மணியாயிற்று. ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் வன்னி எப்படியிருக்கும் என்பதை அங்கே நின்றவர்தான் அறிவார். குருவி கத்தாது. நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். காற்று துளியும் இல்லை, ஆனால் பாலை மரத்தின் ஒரு கொப்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. (குரங்கு என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். குரங்கு இல்லை.) யாரோ பிடரிக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது போலிருந்தது. பயத்தைப் போக்க வெறும் பாய்களைப் பார்த்து வகுப்பைத் தொடங்கினேன். "அன்பான தாய்மாரே!" கூரையில்லாத சுவர்கள் அதைத் திருப்பிச் சொல்லின.

படச்சுருளின் இரண்டாம் படத்தைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தால், வாசல் இடைவெளியில் ஒரு பெண் நின்றாள். நிறைமாத வயிறு. சேலைத் தலைப்பு நெற்றிவரை மூடியிருந்தது. கையில் நெல் அரிகிற தாக்கத்தி.

"வாங்கோ, வாங்கோ! இருங்கோ!" என்றேன். கண் இமைக்காமல் என்னைப் பார்த்தபடியே கடைசிப் பாயில் மெல்ல இருந்தாள்.

"பேர் என்ன?"

பதில் இல்லை.

"எத்தினை மாதம்?"

உதடுகள் மட்டும் சத்தமில்லாமல் அசைந்தன. நான் சொல்வதை மனப்பாடம் செய்கிறாள் என்று நினைத்து எனக்குப் புல்லரித்தது. அன்று நான் பேசிய மாதிரிப் பிறகு ஒரு நாளும் பேசியதில்லை. கையை உயர்த்தி, "இதிலை ஒண்டு இருந்தாலும் பிந்தாதேங்கோ! பிந்தினால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை!" என்று முழங்கினேன். படத்தைச் சுருட்டக் குனிந்தேன். நிமிர்ந்தபோது பாய் வெறுமையாக இருந்தது. சுற்றிவரச் சருகு. ஒரு சருகுகூடச் சத்தம் போடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இராசம்மா அக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"எத்தினை பேர் வந்தவை?"

"ஒராள்தான் அக்கா. ஆனா நல்லாக் கவனிச்சவா. நிறைமாதம்."

கத்தி நின்றது. "நிறைமாதக்காரி உச்சிக்கு வெளிக்கிட்டு வந்தவளே? பிள்ளைத்தாச்சி ஆரும் உச்சியிலை படலை தாண்டுமே, பிள்ளை?"

என் அம்மாவும் இதையே சொல்லுவா. ஆனால் அம்மா சொன்னது எதுவும் பயிற்சிப் புத்தகத்தில் இல்லையே!

"உன்னோடை கதைச்சவளே?"

"இல்லை. கையிலை தாக்கத்தி மட்டும் வைச்சிருந்தவா."

அக்கா எழும்பி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. "அந்த மண்டபம் ஏன் அரைகுறையிலை நிக்குது தெரியுமே? கல்லுச் சுமந்த ஒருத்தி நிறைமாசத்திலை அதிலையே விழுந்து செத்தவள். வயித்துப் பிள்ளையோடை செத்தவள் கொத்திப் பேயாய்த் திரிவாள் எண்டு சனம் சொல்லும். எடி பிள்ளை, கொத்திக்கே வகுப்பெடுத்தனீ?"

அந்த வெயிலில் எனக்கு உடம்பு குளிரத் தொடங்கியது. உயிரியல் எந்தப் பக்கத்தால் ஓடியது என்று தெரியவில்லை. அக்கா என்னைக் கதிரையில் இருத்தி, திருநீறு பூசி, உப்பும் செத்தல் மிளகாயும் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டா. மிளகாய் எரிந்தால் மூக்கைத் துளைக்கவேண்டும். நெடி வரவேயில்லை. "பாத்தியே, பிடிச்சிட்டுது" என்று அக்கா கிசுகிசுத்தா. (மிளகாய் உளுத்துப்போன பழசு என்பது பிறகு தெரிந்தது.) கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள்ளும் அவள் அதே பாயில் இருந்தாள். தலைப்பு, ஊதின முகம், தாக்கத்தி, வயிறு, பாதம். பாதத்தில் செருப்பு வார் சதைக்குள் புதைந்து கிடந்தது.

"அக்கா," என்றேன். "கொத்திக்குக் கால் வீங்குமோ?"

"விசரி! பேய்க்குக் காலே இல்லை."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பேய்க்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமா? இப்போது வந்ததுதான் பயம். வீங்கிய காலை முன்னால் இருத்தி, வீங்கிய காலைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு, அந்தக் காலைப் பார்க்காமல் வந்திருக்கிறேன். அவள் வலிப்பு வந்து எங்கேயாவது வரம்பில் கிடந்தால்? எனக்கு அழுகை வந்தது.

அக்காவைக் கரியரில் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். (அவ கையில் வேப்பங்கொத்து. எதற்கும் இருக்கட்டும் என்றா.) மண்டபத்துக்கு அப்பால் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்றின் கொட்டில் இருந்தது. நான் அழைக்கப் போன அன்று அது பூட்டிக் கிடந்தது. இப்போது திறந்து கிடந்தது. அடுப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. வாசலில் ஒற்றைச் செருப்பு. கூப்பிட்டோம். பாதி எரிந்த விறகு தானாகச் சரிந்து விழ, அக்கா என் கழுத்தைக் கட்டிப்பிடித்தா.

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. "மாரியாயியவா தேடுறீங்க? லான்ட்மாஸ்டர் டிராக்டர்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. அவளே கத்திக் கூப்பாடு போட்டுக் கெளம்பிட்டா. யாரு போகச் சொன்னாங்கன்னு கேட்டா, வாயத் தெறக்க மாட்டேங்கிறா."

மறுநாள் காலை அதே வெள்ளைச் சேலையில், அக்காவையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தேன். கட்டிலில் கிடந்த மாரியாயி என்னைக் கண்டதும் எழும்பி, "ஐயோ, இங்கயும் வந்திருச்சே!" என்று அலறினாள். நானும் அலறினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் காரணம் தெரியாமலே அலறினார்கள்.

தாதி வந்து, இது உயிரோடு இருக்கிற சுகாதாரத் தொண்டர்தான் என்று உறுதிப்படுத்திய பிறகுதான் கதை வெளியே வந்தது. வயலில் நின்ற புருஷனுக்குச் சோறு கொண்டுபோக வேறு ஆளில்லாமல், காவலுக்குத் தாக்கத்தியை எடுத்துக்கொண்டு உச்சியில் வெளிக்கிட்டிருக்கிறாள். திரும்பி வரும்போது பாழ் மண்டபத்துக்குள் வெள்ளைச் சேலை, விரிச்ச தலை, வெறும் பாய்களோடு தனியே பேச்சு!

"கூப்பிட்டா போகாட்டி அடிச்சுப் போட்டுரும்னு பயந்து ஒக்காந்தேங்க. பேசினா கூடவே வந்துரும்னு மாரியாத்தாள மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டே இருந்தேன். தலைவலி, கால்வீக்கம்னு எனக்கு இருக்கிறதெல்லாம் அப்படியே சொல்லுச்சு. பேயி சொல்லுதேன்னுதான் ஓடியாந்தேன். நர்ஸு யாராச்சும் சொல்லியிருந்தா, களை புடுங்கி முடியட்டும்னு வீட்லயே கெடந்திருப்பேன்."

பிரஷர் ஏறி வலிப்பு வருகிற கட்டம், இன்னும் பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார் டொக்டர். அன்று பின்னேரமே பெண்பிள்ளை பிறந்தது. நான் வார்டுக்கு வெளியே நின்று தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா வேப்பங்கொத்தால் எனக்கு விசுக்கிக்கொண்டு நின்றா.

அதற்குப் பிறகு என் வகுப்புகளுக்குக் கூட்டம் குறைந்ததேயில்லை. 'பேயம்மாவின் வகுப்பு' என்றால் அடுத்த குடியேற்றத்திலிருந்தும் வந்தார்கள். என் வீட்டுக்காரர் இன்றும், பிள்ளைகள் சொல்வழி கேட்காவிட்டால், "பேயம்மா, அந்த மண்டபத்துக் குரலிலை ஒருக்காச் சொல்லும்" என்பார்.

அந்தப் பெண்பிள்ளைக்குப் போன வருடம் கலியாணம். மணவறையிலிருந்து இறங்கி வந்து, மாப்பிள்ளைக்கு என்னை அறிமுகப்படுத்தினாள். "இவங்கதான் எங்கம்மாவப் புடிச்ச பேயி." ஆசீர்வதிக்கத்தான் வாயெடுத்தேன். "பிள்ளை, முழுகாமல் இருந்தால், வயித்திலை பிள்ளை எண்டால், நேரத்துக்குக் கிளினிக்குக்குப் போய்ப் பதிய வேணும், காலிலை வீக்கம் கண்டால்..." என்று அது பாட்டுக்கு வந்துவிட்டது.

"ஐயோ அம்மா, பேயி தொடங்கிருச்சு!" என்று சிரித்தாள் பெண்.

மாரியாயி சிரிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்து என் பக்கம் திருப்பி நிறுத்தினாள்.

"கேட்டுக்கடி. நான் கேட்டதாலதான் நீ இருக்கே."