மாயாண்டியக் கண்காணிக்கப் போன சோலி

அன்னைக்கு எனக்கு இருந்த சோலி ஒண்ணே ஒண்ணுதான். மலைக்குப் போயி, மாயாண்டி ஒழுங்கா இருக்கானான்னு பாத்துட்டு வரணும்.

எழுபதுகளோட கடைசி. போடியில நான் நன்னடத்தை அதிகாரியா வேலைக்குச் சேந்த புதுசு. மொதத் தடவையா தப்புப் பண்ணுனவன ஜெயிலுக்கு அனுப்பாம, ஒரு வருசம் ஒழுங்கா இருன்னு சொல்லி கோர்ட்டு வெளிய விட்டுரும். இருக்கானான்னு மாசாமாசம் போய்ப் பாக்குறது என் பொறுப்பு. என்னையப் பாக்கத்தான் ஆள் போடல.

மாயாண்டி, போடிக்குப் பக்கத்துல சிலமலைக்காரன். ஏலக்கா குடோன்ல அரை மூட்டையத் தூக்கி மாட்டுனவன். அதுக்கப்புறம் போடியில யாரும் வேலை குடுக்கல. போடிமெட்டுக்குக் கீழ ஒரு ஏலத்தோட்டத்துல, கேசு விசயத்தச் சொல்லாம சேந்துட்டான்.

விசயம் தெரிஞ்சா அவன் பொழப்பு போயிரும், கமுக்கமாப் போயிட்டு வாங்கன்னாரு மேலதிகாரி. நானும் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு லுங்கியக் கட்டி, தோள்ல ஒரு காலிச் சாக்கப் போட்டுக்கிட்டு ஜீப்புல ஏறுனேன்.

சாக்கு என் சொந்த யோசனை.

ஜீப்புல லோடு மாதிரி ஆள அடுக்கியிருந்தாங்க. வளைவுக்கு வளைவு வயித்தப் பிடிச்சுக்கிட்டு, தோட்டத்து வாசல்ல எறங்குனேன். கூலியாளுகள மேய்க்கிற கங்காணி நின்னாரு. யாருன்னு கேட்டாரு. மாயாண்டிக்கு மச்சான்னேன்.

அவனுக்குக் கூடப்பொறந்தவளும் இல்ல, அவன் பொண்டாட்டிக்கு அண்ணன் தம்பியும் இல்லையேன்னாரு. உடனே பெரியப்பா மகன்னு மாத்துனேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். வந்த சோலி முக்கியம்ல. மாயாண்டி குடிக்கிறானா, இங்க ஏலக்கா ஏதும் காணாமப் போகுதா, காய் வைக்கிற ஸ்டோருக்குக் காவல் உண்டான்னு வரிசையா விசாரிச்சேன்.

கங்காணி என் மூஞ்சியப் பாத்தாரு. அப்புறம் சாக்கப் பாத்தாரு.

கொஞ்ச நேரத்துல நான் ஸ்டோர் தூண்ல கட்டிக் கெடந்தேன். காய் எடுத்துட்டு வந்த பொம்பளைங்க சுத்தி நின்னு, ஆளு படிச்சவன் மாதிரி இருக்கான், இவனுக்கு எதுக்கு இந்தப் பொழப்புன்னு வருத்தப்பட்டாங்க. கால்ல அட்டை ஏறி ரத்தம் குடிக்குது, தட்டிவிடக் கை இல்ல.

போலீசுக்கு ஆள் அனுப்பப் போறேன்னாரு கங்காணி. நான் யாருன்னு சொன்னா மாயாண்டி வேலை போகும். சொல்லாட்டி என் மானம் போகும். நான் சொல்லல. பெரிய மனசெல்லாம் இல்ல, பயத்துல நாக்கு எழும்பல.

அந்நேரம் மாயாண்டி வந்தான். என்னையப் பாத்ததும் மூஞ்சி வெளுத்துப்போச்சு. நேரா கங்காணிகிட்டப் போனான்.

"நம்ம ஊருப் பயதாண்ணே. களவுக் கேசுல மாட்டி, கோர்ட்டுல நன்னடத்தையில விட்டிருக்காக. மாசாமாசம் என்னையப் பாத்துப் புத்தி கேட்டுட்டுப் போகணும்னு உத்தரவு."

சொல்லிட்டு கட்ட அவுத்துவிட்டான். எல்லாருக்கும் கேக்குற மாதிரி அதட்டுனான்.

"ஏலத்தோட்டத்துக்கு எதுக்குடா சாக்கு கொண்டாந்த?"

நியாயமான கேள்வி. தலையக் குனிஞ்சேன்.

கங்காணிக்கு மாயாண்டி மேல மரியாதை கூடிப்போச்சு. கோர்ட்டே நம்பி ஒரு திருடன ஒப்படைக்குதுன்னா இவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு, அந்த வாரமே ஸ்டோர் சாவிய அவன் கையில குடுத்துட்டாரு. எனக்குப் பால் ஊத்தாத ஒரு கட்டஞ்சாயாவும், மாயாண்டியப் பாத்துத் திருந்துன்னு அறிவுரையும் கெடச்சுது.

ஜீப்பு ஏத்திவிட வந்தப்ப, "மன்னிச்சுக்கங்க சார், வேற வழி தெரியல"ன்னான் மாயாண்டி. எனக்குக் கோவம் வரல.

மாசாமாசம் போனேன். போகும்போதெல்லாம் என் மடியச் சோதிச்சுட்டுத்தான் வெளிய விட்டாங்க. மாயாண்டி ஒரு காய்கூட எடுக்கல. அவனுக்கு ஒரு வருசத்துல கண்காணிப்பு முடிஞ்சுபோச்சு.

ரொம்ப நாள் கழிச்சு, நான் வேற ஊருக்கு மாத்தலாகிப் போறப்ப, போடி பஸ் ஸ்டாண்டுல அந்தக் கங்காணியப் பாத்தேன். மனுசன் தன் பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, இப்பவாச்சும் ஒழுங்கா இருக்கியாப்பான்னு கேட்டாரு.

இருக்கேண்ணேன்னு சொல்லிட்டுத்தான் பஸ்சு ஏறுனேன்.