மாமா வீட்டில் முடியாத தை மாதம்

பட்டம் வாங்கிய வருடம் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பள்ளிக்கூடத்தைக்கூட முழுசாக முடித்ததில்லை. அப்பா கடலூர் துறைமுகத்தில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் உடைப்பவர். அம்மா கையெழுத்துப் போடப் பழகியதே என் ரேங்க் கார்டில்தான். அப்படிப்பட்ட வீட்டில் 2008-இல் ஒருத்தி கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கி, சென்னையில் வேலைக்கான கடிதத்தையும் கையில் வைத்திருந்தால் எப்படி நடப்பாள்? (தெருவில் மாடு குறுக்கே வந்தால் மாடுதான் ஒதுங்க வேண்டும் என்று நினைத்தேன்.)

ஆனால் அப்பாவுக்கு என்னைச் சென்னைக்கு அனுப்பத் தயக்கம். முடிவைச் சிதம்பரத்து மாமாவிடம் விட்டார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவர். கல்யாணப் பந்தல் போடுகிறவர் ஜாதகமும் பார்த்தால் தொழிலுக்கு நல்லது என்று, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிக்கும் புரோகிராம் ஒன்றை வைத்திருந்தார். பொருத்தம் பார்க்க வருகிறவர்கள் கையோடு பந்தலுக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள். மாமா என் பிறந்த தேதியையும் நேரத்தையும் தட்டி, ஒரு தாள் எடுத்து அனுப்பினார். “நடப்பு: ராகு தசை, குரு புத்தி. தூர இடத்தில் உத்தியோகம், உயர்வு” என்று அச்சாகியிருந்தது. அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் “உங்கண்ணன் கம்ப்யூட்டரே சொல்லிட்டுது. போவட்டும்” என்றார். ஜூன் முதல் வாரம் வேலையில் சேர வேண்டும்.

மே மாதத்தில் மாமா போன் செய்தார்.

“செல்வி, துபாய்ல இருக்கற எம்புள்ளகூட மூஞ்சியப் பாத்துப் பேசலாம்னு போன மாசம் இண்டர்நெட் போட்டேன்ல, அதுலேருந்து மூலையில மஞ்சக் கலர்ல ஒண்ணு வந்து குந்திக்கிச்சி. ஆபத்துங்குது, அப்டேட் பண்ணுங்குது. சரி பண்ணுன்னு அமுக்குனா, பண்ண முடியலங்குது. ஒரே ரோதனயா இருக்குது.”

“அது அரை மணி நேர வேல மாமா. நா வந்து பாக்கறேன்.”

அரை மணி நேரம் என்று சொன்னது இந்த வாய்தான். மூன்று நாள் தங்கினேன்.

நான் போய் இறங்கியபோது மாமா சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போடக் கிளம்பிக்கொண்டிருந்தார். “ஜாதகத்த மட்டும் அழிச்சிடாத கண்ணு. மத்தபடி உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். கம்ப்யூட்டரோடு என்னையும் அத்தையையும் விட்டுப் போனார்.

அப்டேட் மொத்தம் முப்பத்தேழு. ஒவ்வொன்றாக இறங்கும். நிறுவுகிறேன், நிறுவுகிறேன் என்று பச்சைக் கட்டங்கள் நகரும். கடைசியில் முப்பத்தேழுக்கும் எதிரில் சிவப்புப் பெருக்கல் குறி விழும். நான் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். திரும்ப அணைத்துப் போட்டேன். (மூன்று வருடப் படிப்பின் சாரம் அதுதான்.) பிழை எண்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். வைரஸ் தேடினேன். பிறகு வைரஸ் தேடும் புரோகிராமையே தூக்கினேன். பெட்டியைத் திறந்து தூசியை ஊதினேன். அது என் கண்ணிலேயே விழுந்தது. ஒருமுறை, முப்பத்தேழில் இருபதாவது ஓடும்போது, ‘கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்’ என்று திரையில் எழுத்து நிற்கும்போதே கரண்ட் போனது. கரண்ட்டுக்குப் படிக்கத் தெரியாது.

பொருத்தம் பார்க்க வந்தவர்களை அத்தை வாசலிலேயே நிறுத்தினார். முதல் நாள், “எங்க நாத்தனா பொண்ணு, கம்ப்யூட்டருக்கே படிச்சது. பாத்துக்கிட்டு இருக்குது, நாளைக்கு வாங்க” என்றார். இரண்டாம் நாள் குரல் கொஞ்சம் இறங்கியது. “பாத்துக்கிட்டேதான் இருக்குது.”

என் பக்கத்தில் மோரை வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, சென்னையில உனக்கு என்னா வேல?”

“ஆபீஸ்ல இருக்கற கம்ப்யூட்டருங்களப் பாத்துக்கணும் அத்த.”

“எத்தினி இருக்கும்?”

“எரநூறு.”

அத்தை மோரை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அன்று சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒன்றுக்கே இந்தக் கதி என்றால் இருநூறை என்ன செய்வேன்? வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தில் என் பெயரைத் தப்பாகப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றே தோன்றியது.

மூன்றாம் நாள் சமையலறையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். “செல்வி, கேலண்டர் கிழிக்க மறந்துட்டேன். இன்னிக்கி என்னா தேதி?”

நான் திரையின் மூலையைப் பார்த்துச் சொன்னேன். “ஜனவரி பதினேழு அத்த.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. “கத்திரி வெயில்ல பொங்கல் முடிஞ்சி மூணு நாளா? உனக்கு ஜொரம் கிரம் அடிக்குதா?”

மூன்று நாளாக முதுகில் வியர்வை வழிய, ஜனவரி மாதத்தின் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். தேதியின் மேல் அம்புக்குறியை வைத்தேன். 2006 என்று காட்டியது. இரண்டு வருடத்துக்கு மேல் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டரிடம் 2008-இல் எழுதிய சமாச்சாரத்தைக் கொடுத்தால், அது எப்படி நம்பி வாங்கும்? தேதியைத் திருத்தினேன். முப்பத்தேழும், கல்யாணப் பந்தியில் ஆள் உட்காருவதுபோல், ஒன்றன் பின் ஒன்றாகப் போய் உட்கார்ந்தன. மஞ்சள் சமாச்சாரம் மறைந்தது. (மாடுகள் மறுபடி ஒதுங்க ஆரம்பித்தன.)

மதியம் மாமா வந்ததும், சட்டைகூட மாற்ற விடாமல் பாடம் எடுத்தேன். “கம்ப்யூட்டருக்குத் தேதிதான் உசுரு மாமா. தேதி தப்புன்னா அது சொல்றது அத்தனையும் தப்பு.”

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது. “தேதிய மாத்திட்டியா?”

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. ஜாதகப் புரோகிராம் முப்பது நாள் மட்டும் இலவசமாக ஓடும் மாதிரிப் பதிப்பு. அதைப் போட்டுக்கொடுத்த கடைக்காரர், முப்பது நாள் முடியும் முன் தேதியைப் பழையபடி பின்னால் தள்ளிவிட்டால் ஆயுசுக்கும் ஓடும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஊரில் அமாவாசைக்கு விரதம் இருப்பதுபோல, மாமா ஒரு மாதம்கூடத் தவறாமல் தள்ளி வந்திருக்கிறார். வெளியே இரண்டு தீபாவளி போய்விட்டது. அந்த மேஜையின் மேல் மட்டும் தை மாதம் முடியவே இல்லை.

மாமா ஜாதகத்தைத் திறந்தார். கெடு முடிந்தது என்று வந்தது. தேதியைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். அது ஒருமுறை விழித்துக்கொண்டபின் மசியவில்லை. அன்று சாயங்காலமே கடைக்காரர் வந்து கெடு இல்லாத முழுப் புரோகிராமைப் போட்டார். “சரியா ஓடுதான்னு பாப்போம். செல்வி ஜாதகம்தான் எனக்கு மனப்பாடமாத் தெரியும்” என்று மாமா தட்டினார்.

தாள் வந்தது. மாமா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“நடப்பு: ராகு தசை, சனி புத்தி. புது உத்தியோகம், தூரப் பயணம் இரண்டும் ஆகாது.”

அப்பா சட்டைப்பையில் இருக்கும் குரு புத்தி, 2006 தை மாதத்தின் குரு புத்தி. பொருத்தம் பார்க்க இன்றைய தேதி தேவையில்லை என்பதால் மாமா செய்துவைத்த கல்யாணங்கள் எல்லாம் தப்பித்தன. அகப்பட்டது நான் மட்டும்தான்.

“மாமா, இதெல்லாம் சும்மா ஒரு புரோகிராம்தான மாமா.”

“போன மாசம் இத வெச்சித்தான உங்கப்பன் உன்ன அனுப்பறேன்னான். அப்ப நீ அப்பிடி சொல்லலியே.”

“பழைய தேதியையே வெச்சிக்கலாமே மாமா. உங்களுக்கும் பழக்கம்.”

“நீதான கண்ணு சொன்ன. தேதி தப்புன்னா அது சொல்றது அத்தனையும் தப்புன்னு.” மாமா கோபமாகச் சொல்லவில்லை. மூன்று வருடம் படித்த பெண் சொன்னதை மரியாதையோடு திருப்பிச் சொன்னார். அவர் கடலூருக்குப் போன் போட்டார்.

ஜூன் முதல் வாரம் வந்தது, போனது. நான் போகவில்லை. வேலைக்கடிதம் பீரோவில் சேலைக்கு அடியில் போனது. புது வேலையே ஆகாது என்று தாள் சொன்னதால் அப்பா உள்ளூரில்கூட எங்கும் அனுப்பவில்லை. அந்தத் தாளின் கணக்குப்படி சனி புத்தி இன்னும் இரண்டு வருடம் மூன்று மாதம். ஐஸ் உடைக்கிற மனிதர் கடன் வாங்கிக் கட்டிய பீஸில் படித்த நான், தெருப் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுத்தபடி அதைக் கழித்தேன். புத்தி முடிந்த மறு திங்கட்கிழமை அப்பாவே சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

நேர்முகத் தேர்வில் அதிகாரி என் தாள்களைப் புரட்டினார். “படிப்பு முடிச்சி ரெண்டு வருஷத்துக்கு மேல என்னம்மா பண்ணீங்க?”

மாமா வீட்டுக் கம்ப்யூட்டரை அப்டேட் செய்தேன் என்று சொல்ல முடியுமா? “குடும்பச் சூழ்நிலை சார்” என்றேன்.

அவர் குரல் இளகியது. “யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?”

“மாமா வீட்டுல சார். மூணு நாள் ரொம்ப மோசமா இருந்திச்சி.”

“இப்ப எப்பிடி இருக்காங்க?”

“நல்லாருக்கு சார்.”

வேலை கிடைத்தது. இந்தக் கதையை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு எங்கள் குடும்பத்தில் ‘நோயாளி’ என்று பெயர். அது கொஞ்சம் மக்கர் செய்தாலும் போதும், மாமா எனக்குச் சென்னைக்குப் போன் போடுவார்.

“செல்வி, நோயாளிக்குத் திரும்பவும் ஒடம்பு முடியல. என்னா பண்ணணும்னு போன்லயே சொல்லு கண்ணு. நீ மட்டும் வந்துடாத.”