நான் கொண்டுவந்த சின்னத் திருத்தம்

சும்மா இருப்பதும் ஒரு பொதுச்சேவைதான் என்பது எனக்கு இருபத்தாறு வயதில் தெரியவில்லை. அந்த வயதில்தான் என்னை நகர சபைக்குத் தேர்ந்தெடுத்துத் தொலைத்தார்கள்.

சுதந்திரம் வந்த புதிது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் கலந்து வாழ்ந்த எங்கள் ஊரில், காஜா பேராங் சாலையோரத்தில் பாக்கியம் அக்கா தள்ளுவண்டியில் வடை சுட்டு விற்றார். சொந்தக் கடை இருந்தால்தான் பலகார லைசென்ஸ் என்பது வெள்ளைக்காரன் காலத்து விதி. (கடை இருந்தால் அவர் ஏன் வண்டி தள்ளப் போகிறார்?) இரண்டு முறை பிடிபட்டுவிட்டார். மூன்றாம் முறை பிடித்தால் வண்டி திரும்பி வராது.

"அந்த ரூல மட்டும் எடுக்கச் சொல்லு தம்பி. வேற ஒண்ணும் வேணாம்லா" என்றார். வாக்குக் கொடுத்தேன்.

விதியை நீக்கச் சொல்லி ஒரு சீன உறுப்பினர் ஒற்றை வரித் தீர்மானம் கொண்டுவந்தார். பெரும்பான்மை தயார். நான் கையைத் தூக்கினால் போதும். ஆனால் நானோ ஒரு மாதமாகக் கூட்ட விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவன். பார்வையாளர் வரிசையில் அக்கா வேறு நல்ல புடவை கட்டி வந்து உட்கார்ந்திருந்தார். விடுவேனா? எழுந்தேன்.

"தலைவர் அவர்களே, ஒரு சின்னத் திருத்தம்! வண்டிக்காரர்களுக்குச் சபைச் செலவில் தண்ணீர்க் குழாயும் போட்டுத் தரவேண்டும்."

தீர்மானத்தை எதிர்த்துக்கொண்டிருந்த கடை முதலாளி உறுப்பினர் ஒருவர் முந்திக்கொண்டு என் திருத்தத்தை வழிமொழிந்தார். திருத்தம் நிறைவேறியது. நான் நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "செலவு சேர்ந்துவிட்டது. இனி தீர்மானம் முழுவதும் நிதிக்குழுவுக்குப் போகும். அங்கிருந்து வரும்வரை சபையில் யாரும் இதைப் பேசக்கூடாது."

"அப்படியானால் திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன்!"

"நிறைவேறியதைத் திரும்பப் பெற முடியாது. புத்தகத்தில் இருக்கிறது, படித்துப் பாருங்கள்."

(நான் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை.)

குழாய் எவ்வளவு நீளம் என்று நிதிக்குழு மாதக்கணக்கில் பேசியது. அதற்குள் அக்காவின் வண்டியை லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீ பேசாம கையத் தூக்கியிருந்தாலே போதுமே தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலை. ஊரின் இன்னொரு கோடியில், உஜோங் பாசிரில் யார் வீட்டிலோ பாத்திரம் கழுவப் போய்விட்டார். விதியும் போய், குழாயும் வந்தபோது அந்த இடத்தில் வண்டி இல்லை.

இன்றும் வீட்டில் ஏதாவது முடிவான பிறகு, "கூடவே கொஞ்சம்..." என்று நான் வாய் திறந்தால், "அப்பா, நிதிக்குழு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். என் மனைவி மட்டும் சிரிப்பதில்லை. லாரியின் பின்னால் அக்கா ஓடியதை அவள் பார்த்திருக்கிறாள்.