கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தும்மல்

பொம்மையின் தலை உருண்டுபோய் மேசைக்குக் கீழே முகங்குப்புறக் கிடந்தது. விமலேஸ்வரி கையில் துணியோடு அப்படியே நின்றாள். தூசி தட்டத்தான் தொட்டாள். தொட்டதும் தலை கழன்றது, பிறகு கை, பிறகு இடுப்போடு உடம்பு இரண்டாக விழுந்தது.

வவுனியாக் கடைத்தெருவில் பொம்மை வைத்த புடவைக்கடை ஐயாத்துரையுடையது ஒன்றுதான். வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்கொரு ஆளுயரச் சீமைப் பொம்மை. இடப்பக்கப் பெட்டிப் பூட்டின் திறப்பு முதலாளியின் மடியில்தான் எப்போதும் இருக்கும். அந்தப் பொம்மைக்கு அவரே உடுத்துவார், அவரே துடைப்பார். வலப்பக்கத்தை மட்டும், வேலைக்கு வந்த கையோடு விமலேஸ்வரியிடம் நம்பிக் கொடுத்திருந்தார்.

ஐயாத்துரை சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கட்டினார்.

"இனி ஒண்டு எடுப்பிக்க ஏலாது, பிள்ளை. வெளிநாட்டுச் சாமான் வாறதை அரசாங்கம் நிப்பாட்டிப்போட்டுது."

வேலை போனால் அவள் அக்கராயனுக்குப் போய் மாமாவின் வயலில் களை பிடுங்க வேண்டும். அறுவடை முடிந்ததும் மாமாவின் மகன் பாலனைக் கட்ட வேண்டும். பாலன், நித்திரையில் மட்டுமல்ல, சாப்பிடும்போதும் குறட்டை விடுகிறவன்.

"என்ன சொன்னாலும் செய்யிறன், முதலாளி."

"ஒண்டும் செய்யக் கூடாது. அதுதான் வேலை. சும்மா நிண்டாக் காணும்."

அப்படித்தான் அவள் பொம்மையின் இடத்தில் பெட்டிக்குள் ஏறினாள்.

முதலில் கண் இமைத்தது. ஐயாத்துரை கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டார். பிறகு வியர்த்தது. முகம், கழுத்து, கை எல்லாம் பவுடரை அப்பினார். பவுடர் மூக்கில் ஏறியது.

நெளுக்குளத்திலிருந்து கமலாசனி என்ற அம்மா மகளுக்குக் கூறைச்சேலை எடுக்க வந்திருந்தா. சிவப்புச் சேலையில் அவா கை வைத்த நேரம் பார்த்து, பொம்மை தும்மியது.

பொம்மை எப்படித் தும்மும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"ஒற்றைத் தும்மல்," என்றா கமலாசனி மெதுவாக. "கூறையில கை வைக்கேக்க ஒற்றைத் தும்மல். இந்தச் சேலை வேண்டாம்."

ஐயாத்துரை பெட்டியின் பின்கதவைத் திறந்து, பொம்மையின் கொசுவத்தைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, மடியிலிருந்த மூக்குப்பொடியில் ஒரு சிட்டிகை ஊதிவிட்டார். இன்னொரு தும்மல் வந்தது.

"இரட்டை," என்றா கமலாசனி. "சரி, கட்டுங்கோ."

அதோடு கதை பரவியது. தூரத்துத் தண்ணீரூற்று ஊரிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். சேலையைப் பொம்மைக்கு முன்னால் விரித்துக் காட்டி, கைகட்டி நின்றார்கள். ஒரு கிழவர் தேசிக்காயைப் பாதியாக வெட்டி அதன்மேல் கற்பூரம் கொளுத்தினார். பாலன்கூட வந்தான். கண்ணாடியில் மூக்கை அமத்திக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

"எங்கட விமலேஸ்வரியின்ர சாடைதான்," என்றான் பக்கத்தில் நின்றவரிடம். "ஆனா இது அவளைவிட வடிவு."

சொல்ல ஒரு பதில் அவளின் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

நிற்க நிற்க நிற்பது பழகியது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கணுக்காலில் நுளம்பு இருந்து இரத்தம் குடிப்பது தெரிந்தது, கடிப்பது தெரியவில்லை. வெயில் சாயும் நேரத்தில் எதிர்ப் பெட்டியின் கண்ணாடியில் அவளுடைய உருவம் விழும். அங்கே நிற்கும் பொம்மையின்மேல் அது அப்படியே பொருந்தும். அதே கறுப்புக் கண்ணாடி, அதே வெள்ளை முகம். பஸ் போகும்போது இரண்டும் சேர்ந்து நடுங்கும். எது தான் என்று பார்க்க விரலை அசைக்க நினைப்பாள். முதலாளி பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் இரண்டு கலியாணக்காரர் ஒரே கூறைக்கு இழுபறிப்பட்டார்கள். பொம்மை முடிவு சொல்லட்டும் என்றார்கள். ஐயாத்துரை குனிந்து ஊதியதில் பொடி கூடிப்போய்விட்டது. பொம்மை மூன்று தரம் தும்மியது.

மூன்றுக்கு என்ன பலன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பகுதி நல்லது என்றது, மறு பகுதி சாவு என்றது. கடைசியில் பூசாரி யோகலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு கன்னி இருக்கிறாள் என்றார். அதில் பிழை இல்லை. வேப்பங்குழையால் பத்துப் பதினைந்து அடி போட்டால் இறங்கிவிடுவாள் என்றும் சொன்னார்.

குழை முறிக்க ஆள் போனது. ஐயாத்துரை அவசரமாகக் கடைப் பலகைகளைப் போட்டு மூடிவிட்டு, பூசாரியைச் சமாதானப்படுத்த வெளியே நின்றார்.

கடைக்குள் மத்தியான இருட்டு. வெளியே சனத்தின் இரைச்சல். விமலேஸ்வரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். குறட்டையோடு சீவிக்கலாம், வேப்பங்குழையோடு ஏலாது என்று அவளுக்குத் தெளிந்தது. பெட்டியின் பின்கதவைத் தள்ளி ஒரு காலைக் கீழே வைத்தாள். கால் மரத்துப்போயிருந்தது.

"போய்ச் சொல்லப்போறன்," என்று தனக்குத்தானே சொன்னாள். "பொம்மையை உடைச்சது நான்தான் எண்டு எல்லாருக்கும் சொல்லப்போறன்."

இடப்பக்கப் பெட்டியிலிருந்து, உதடு அசையாமல், வறண்ட குரல் ஒன்று வந்தது.

"அந்தப் பொம்மையைத்தான், தங்கச்சி, போன வருசம் நானும் உடைச்சனான்."