புகைநீரின் இரண்டாம் பாகம்

மாயாபந்தர்,
2.11.1967

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமென்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். கத்தரிச் செடிகள் நலமாயில்லை. அதைச் சொல்லவே இக்கடிதம்.

தங்கள் இதழில் புகைநீர் எருவைப் பற்றிய கட்டுரை இரண்டு பாகமாக வந்ததல்லவா? எங்களுக்கு வந்து சேர்ந்தது இரண்டாம் பாகம் மட்டும். முதல் பாகம் இருந்த தபால் மூட்டை எந்தத் தீவில் இறங்கியதோ தெரியவில்லை. வன இலாகாவில் எழுத்தராக இருக்கும் என் அப்பா, “படம் இதுலதானே இருக்கு, போதும்” என்று வேலையில் இறங்கிவிட்டார். தகர டிரம்மில் தேங்காய்ச் சிரட்டைகளைப் போட்டு, மூடி, தீ மூட்டி, புகையை மூங்கில் குழாய் வழியே விட்டு, நுனியில் சொட்டிய செந்நிற நீரைப் பானையில் பிடித்தார். ‘மேற்கூறியவாறு பக்குவப்படுத்திய புகைநீரை மண்ணில் ஊற்றவும்’ என்றது கட்டுரை. மேலே என்ன கூறினீர்கள் என்று தெரியாததால் அப்படியே ஊற்றினார். மீதியைச் சாண எருக்குழியிலும் ஊற்றினார். நான்கே நாளில் செடிகள் கருகின. குழியில் புழு இல்லை, சூடு இல்லை, சாண நாற்றம்கூட இல்லை, சுட்ட கருவாட்டு வாசம்தான்.

அடுத்த வீட்டு சூசைமேரி அக்காவின் மகள் அமுதத்துக்கு ஜனவரியில் கல்யாணம். கப்பலில் இத்தீவுக்கு வரும் காய் பாதி அழுகிவிடும் என்பதால், விருந்துக்குக் கத்தரிக்காய் முழுவதும் தம் பொறுப்பென்று அப்பா பாதிரியார் முன்னிலையில் வாக்குக் கொடுத்திருக்கிறார். அக்கா வேலியோரம் வந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, கத்தரிக்கா கேட்டா கருவாட்டு வாசம் குடுக்கீயளே! சப் கதமா? எல்லாம் போச்சா?”

“பொறும்மா, இது மெயின்லேண்ட் முறை. மெதுவாத்தான் வேலை செய்யும்.”

“உங்க முறை வேலை செய்யுததுக்குள்ள எம் மவ பேரன் எடுத்துருவா!”

மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தாம் எருவைச் செடிக்கு உணவாக்குகின்றன என்று படித்திருக்கிறேன். அப்பாவிடம் சொன்னால், “கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படிம்மா கொல்ல முடியும்?” என்கிறார். நிரூபிக்க, இட்லி மாவை இரண்டு கிண்ணத்தில் வைத்து ஒன்றில் மட்டும் சில சொட்டுப் புகைநீர் விட்டேன். மறுநாள் ஒன்று பொங்கி வழிந்தது; மற்றது வைத்தபடியே கிடந்தது. அப்பா அந்த மாவையும் தோசை வார்க்கச் சொல்லித் தின்றுவிட்டு, “வாசனை நல்லாத்தானே இருக்கு” என்றார்.

ஆகவே, எத்தனை பங்கு தண்ணீர் கலக்க வேண்டும், செத்த மண் பிழைக்குமா என்று ஒரு தபால் அட்டையிலாவது எழுதுங்கள். என் பெயரை அச்சிட வேண்டாம்.

தங்கள் இதழ் ஓங்கி வளரவும், தபால் மூட்டைகள் வரிசைப்படி இறங்கவும் வேண்டி,

பணிவுடன்,
ப. நீலாவதி

பின்குறிப்பு (14.12.1967): கப்பல் எஞ்சின் பழுதாகிச் சென்னையிலேயே நின்றதால் இக்கடிதம் ஆறு வாரமாக மேசைமேல் கிடந்தது. அதற்குள் மழை பெய்து புகைநீரைக் கரைத்துவிட்டது. குழியில் புழு திரும்பியது. டிரம்மில் மிஞ்சிய கரியைப் பொடித்து அந்த எருவில் கலந்து, அப்பாவுக்குத் தெரியாமல் செடிகளுக்கு இட்டேன். கருகியவை மறுபடி துளிர்த்து, இப்போது பூவும் பிஞ்சுமாக நிற்கின்றன. மழைத்தண்ணீர் கலந்ததும் புகைநீர் வேலை செய்துவிட்டது என்கிறார் அப்பா. “அந்தப் புகத்தண்ணி எங்க முருங்கைக்கும் கொஞ்சம்” என்று சூசைமேரி அக்கா பானையோடு வந்திருக்கிறார். இன்று வந்த கப்பலில் முதல் பாகமும் வந்தது. ‘ஒரு பங்குக்கு இருநூறு பங்கு தண்ணீர் கலக்கவும்.’ படித்துவிட்டு அப்பா, “நாம கண்டுபிடிச்சதை இந்த ஆள் எப்படி முன்னாடியே எழுதினான்?” என்றார். எனவே எனக்குப் பதில் எழுத வேண்டாம். இதே கப்பலில் அப்பாவின் கட்டுரை உங்களுக்கு வருகிறது. இரண்டு பாகம். தயவுசெய்து ஒரே இதழில் போடுங்கள்.