முக்காலிக்கு ஒரு முன் டயர்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் சம்பந்தியம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம்; முன் டயர் ஒன்றைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது. நீங்களும், வீட்டில் அம்மாவும், மாப்பிள்ளையும், ஒன்பதாம் மாதத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் என் மகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் என்றால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் "வண்டி எப்படி ஓடுது சம்பந்தி?" என்று கேட்க, நான் "சும்மா பறக்குது" என்று சொல்லி வந்தேனே, அது பச்சைப் பொய். என் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு, இரண்டு சக்கரத்தில் இனி நிற்க முடியாது என்று டாக்டர் கையை விரித்தபோது, உங்கள் பட்டறையில் பன்னிரண்டு நாள் ராப்பகல் பார்க்காமல் என் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சக்கரம் வைத்துக் கொடுத்தீர்கள். அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை. வண்டியை ஒப்படைக்கும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னீர்கள்: "இப்போதைக்குப் பழைய முன் டயரே இருக்கட்டும் சம்பந்தி, ஆனா ரொம்ப நாள் தாங்காது. அகலமா, தட்டையா, பக்கச்சுவர் கெட்டியா ஒண்ணு பார்த்து மாத்தணும்." அதற்கு நான், முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவனிடம் வந்து டயரைப் பற்றிப் பேசுகிறீர்களா என்று மாப்பிள்ளை முன்னாலேயே கேட்டேன். அதையும் நான் மறக்கவில்லை. மறக்கலாம் என்று பார்த்தால் உங்கள் சம்பந்தியம்மா விடுகிறாளா?

நீங்கள் விட்டுவைத்த டயர் இரண்டே மாதத்தில் மொட்டை. சரி, பழசு, அதன் ஆயுசு அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கடைத்தெரு டயர்க்கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் காரண்டி. வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் வரும். "சார், இது ரேஸ் ஓட்டுறவங்க போடுற டயர். ரோட்டை அப்படியே கவ்வும், காரண்டி" என்றார். கவ்வியது, இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முக்கிலும் தன் ரப்பரில் கொஞ்சத்தை ரோட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது. அது மெத்தென்ற ரப்பராம், பந்தயம் முடிகிறவரை தாங்கினால் போதுமாம். நான் மருந்துக்கடைக்கும் நூலகத்துக்கும் போய்வருகிற ஆள், எனக்கு எந்தப் பந்தயம்? மூன்றாவது வாரம் அதுவும் மொட்டை.

மறுபடி போனால், "அப்போ பட்டன் டயர் போடுங்க சார், கல்லு முள்ளு எதுவும் ஒண்ணும் செய்யாது, காரண்டி" என்றார். தடித் தடியாகப் பட்டன் வைத்த அந்த டயரைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. ஓட்டிப் பார்த்தால் தெரு முழுக்க ஹோவென்று சத்தம். யாரோ மாவு மிஷினை உருட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். ஹேண்டில் ஆடிய ஆட்டத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த உங்கள் சம்பந்தியம்மாவின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. "நான் நடந்தே வர்றேன். நீங்களும் உங்க முக்காலியும் முன்னாடி போங்க" என்று இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து நம் வண்டிக்கு அதுதான் பெயர், முக்காலி. உங்கள் கைவேலைக்கு இப்படி ஒரு பெயர் வைத்ததற்கு அவள் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததை ஒரு பஸ் டிரைவர் மட்டும்தான் செய்வான். டிப்போவில் முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடுவோம். இன்னும் கொஞ்ச காலம் ஓடும். பட்டன் டயர் இடது ஓரமாகத் தேய்வதைப் பார்த்ததும் அந்தப் பழைய புத்தி வேலை செய்தது. ஆனால் முக்காலிக்கு முன்னால் இருப்பதே ஒன்று, அதை எதோடு மாற்றுவது? அரைநாள் யோசித்து, டயரைக் கழற்றி இடம் வலமாகத் திருப்பி மாட்டினேன். எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று டயரிலேயே அம்புக்குறி போட்டிருக்கிறார்கள் சம்பந்தி. நான் பார்த்தேன். கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் மழை. சலவைக்கடை முனையில் ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினேன், டயர் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. மெதுவாக, ரொம்ப மரியாதையாக, கடைக்குள்ளேயே போய் நின்றேன். அடி ஒன்றும் இல்லை. யாருடைய படுக்கை விரிப்போ தலையில் முக்காடாக விழுந்திருந்தது. சலவைக்காரர், "துவைக்கணுமா, பெட்டி மட்டும் போடணுமா சார்?" என்று கேட்டார். நல்ல மனுஷர்.

குடையோடு பின்னால் நடந்தே வந்துகொண்டிருந்த உங்கள் சம்பந்தியம்மாவும் நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே இருந்த பஞ்சர் கடைக்குப் போனோம். கடை நடத்துவது ஒரு பெண். எல்லோரும் பஞ்சர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். டயரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பைக் முக்குல சாயும்ணா. அதுக்காகத்தான் பைக் டயர் உருண்டையா இருக்கு. உங்க வண்டி சாயாதே. பின்னாடி ரெண்டு சக்கரமும் நேராப் போவேன்னு அடம்பிடிக்குது, நீங்க ஹேண்டிலைத் திருப்புறீங்க, நடுவுல இது ஒண்ணு மாட்டிக்கிட்டு உரசியே சாகுது. அகலமா, தட்டையா, பக்கச்சுவர் கெட்டியா இருக்கிற டயர் வேணும். ரிம்மையும் அதுக்கேத்த மாதிரி மாத்தணும். வண்டியைச் செஞ்சு குடுத்தவர் இதெல்லாம் சொல்லலையா?" என்றாள்.

நான் வானத்தைப் பார்த்தேன். உங்கள் சம்பந்தியம்மா, "சொன்னாரும்மா. நல்லாவே சொன்னாரு. இவருதான் கேட்கல" என்றாள்.

ஆகவே சம்பந்தி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த டயரையும் ரிம்மையும் நீங்களே பார்த்து வாங்கி, பார்சல் லாரியில் அனுப்பிவைக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்ததாகவே மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொள்வேன். நீங்கள் மறுக்கக் கூடாது. குழந்தை இருபதாம் தேதி வாக்கில் பிறக்கும் என்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர். இப்போது கிடக்கிற டயரில் நூல் வெளியே தெரிகிறது. அதை நம்பி வரக்கூடாது என்று இவள் சாவியை எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறாள். பஸ்ஸில் வரலாமே என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். முதல் படிக்குக்கூட இந்த இடுப்பு வளையாது. யாராவது என்னைத் தூக்கி ஏற்ற வேண்டும். நாலு பேரைத் தூக்கி ஏற்றியவன் நான். எத்தனையோ பெரியவர்களுக்காக வண்டியை நிறுத்திக் காத்திருந்தவன். அதே பஸ்ஸில் நான் ஒரு மூட்டையாக ஏற மாட்டேன். எனக்கு அழுகையே வந்துவிடும், அதை ஊர் பார்க்க வேண்டாம். பேரக்குழந்தையைப் பார்க்க வந்தால் என் வண்டியை நானே ஓட்டிக்கொண்டுதான் வருவேன். இதில் மாற்றமே கிடையாது.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். வீட்டில் அம்மாவுக்கு எங்கள் வணக்கம். உங்களுக்கும் பட்டறைக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டுகிறேன்.

என்றும் தங்கள் அன்பும் டயரும் வேண்டும்,
சம்பந்தி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை. மடித்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை போன் செய்துவிட்டார், நாள் கணக்கெல்லாம் தப்பிப்போய் வலி எடுத்துவிட்டது என்று. சாவி எங்கே என்றுகூட நான் கேட்கவில்லை. பஸ் நிலையத்தில் கண்டக்டர் மேலிருந்து இழுக்க, முன்பின் தெரியாத இரண்டு பேர் கீழிருந்து தள்ள, மூட்டையாகவேதான் ஏறினேன். வெட்கம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "வேகமாத் தள்ளுங்கப்பா, நேரமாகுது" என்று நான்தான் கத்தினேனாம். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கிறேன். எதிர் நாற்காலியில் நீங்கள் வாயைத் திறந்தபடி தூங்குகிறீர்கள். நேற்றிலிருந்து அலைந்த களைப்பு, எழுப்ப மனம் வரவில்லை. அதனால் இதை உங்கள் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போகிறேன். பேத்தியை என் கையில் கொடுத்தார்கள். நான் அழுததாக நர்ஸ் சொன்னால், அது உண்மைதான். டயரை நீங்களே தேர்ந்தெடுங்கள், நீங்கள்தான் தேர்ந்தெடுத்தீர்கள் என்று மாப்பிள்ளையிடமும் சொல்லுங்கள். இனி அந்த வண்டியில் நம் பேத்தியும் ஏறுவாள் சம்பந்தி. டயர் விஷயத்தில் என் பேச்சை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.