பின்வரிசை தெரியாத டிவிடி

மற்றவர்கள் நல்ல படம் வரவேண்டும் என்று டிவிடி போடுவார்கள். நான் கெட்ட படம் வரவேண்டும் என்று உயிரைக் கொடுத்தேன். சமோவா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இப்படி ஒரு முட்டாள் அகப்பட மாட்டான்.

எல்லாம் என் மனைவி லோசாவால் வந்தது. எங்கள் ஊர்ச் சர்ச் பாட்டுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. அவள் கை வீசினால்தான் நாங்கள் வாய் திறப்போம். புதுச் சர்ச் திறப்பு விழாவில் அவளையும் சேர்த்து முப்பத்தொரு பேர் பாடினோம். ஆண்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டு, இடுப்பில் வேட்டி மாதிரி வெள்ளை லாவலாவா. லோசாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவள் தம்பி அத்தனையையும் வீடியோ எடுத்தான். டிவிடியில் ஏற்றித் தருகிறேன் என்று டேப்பை வாங்கிக்கொண்டவன் நான். நாலு மாதமாக அது கட்டிலுக்கு அடியில் தூங்கியது.

ஒருநாள் லோசா வந்தாள்.

"ஏங்க, ஆக்லாந்து சர்ச்சுல நம்ம குழுவைப் பாடக் கூப்பிடறாங்க. டிவிடி அனுப்பச் சொன்னாங்க."

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. விமானத்தைக் கீழேயிருந்து பார்த்திருக்கிறேன், உள்ளேயிருந்து பார்த்ததில்லை. துள்ளிக் குதித்தேன்.

"இன்னொண்ணு. பாட்டு நடுவுல பின்வரிசையில எவனோ மென்னுக்கிட்டிருந்தானாம். படம் தெளிவா இருந்தா யாருன்னு தெரிஞ்சிடும். அவனுக்கு ஆக்லாந்து கிடையாது."

குதித்தவன் அப்படியே பாயில் உட்கார்ந்தேன். மென்றவன் நான். விடியற்காலையிலிருந்து உமு என்கிற சுடுகல் அடுப்பில் பன்றி சுட்டவனும் நான்தான். மொறுமொறுவென்று ஒரு துண்டுத் தோல் எப்படியோ கோட்டுப் பைக்குள் வந்துவிட்டது. இரண்டாவது சரணத்தில் அது எப்படியோ வாய்க்குள்ளும் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஃபிலிபோவிடம் போனேன். பின்வரிசையில் எனக்கு அடுத்து நிற்பவன். டிவிடியில் ஏற்றுவதில் கில்லாடி.

"படம் நல்லா வரணும்னா என்னடா செய்யணும்?"

"ஒரே டிஸ்க்குல ஒரு மணி நேரத்துக்கு மேல திணிக்காத. மெதுவா ரைட் பண்ணு. மேல காகிதம் ஒட்டாத, சுத்தும்போது ஆடும். நாலு வீட்டு பிளேயர்ல போட்டுப் பாரு."

நன்றி சொல்லிவிட்டு வந்து எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். நாலு மணி நேர விழாவை ஒரே டிஸ்க்கில் அமுக்கினேன். அசுர வேகத்தில் ஏற்றினேன். மேலே சர்ச் படத்தைப் பசை தடவி ஒட்டினேன்.

எங்கள் வீட்டுப் பெரிய டிவியில் போட்டோம். ஆஹா! முப்பத்தொரு பேரும் தேங்காய்ப்பாலில் விழுந்து கிடந்தோம்.

"என்னங்க இது? பாட்டா, புகைமூட்டமா?"

"டேப்பே அப்படித்தான் லோசா. உன் தம்பி எடுத்த லட்சணம்."

"அப்படியா? பாஸ்டர் வீட்டு டிவியில போட்டுப் பாப்போம், வாங்க."

பாஸ்டர் வீட்டில் இருப்பது கையகலப் பழைய டிவி. அதே டிஸ்க்கைப் போட்டோம். முகங்கள் தெரிந்தன! வலது ஓரத்தில் ஒரு தாடை மெல்ல அசைய ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து, ஒட்டிய காகிதம் உரிந்து பிளேயர் உறுமி நின்றது. கடவுள் தம் ஊழியர் வீட்டிலேயே என்னைக் காப்பாற்றினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே டிஸ்க். அங்கே மூட்டம், இங்கே வெயில். ஃபிலிபோவிடம் ஓடினேன்.

"பெரிய டிவி இருக்கற குறையை எல்லாம் பெரிசாக்கிக் காட்டும்டா. சின்ன டிவி மன்னிச்சு விட்டுடும்."

"என் பொண்டாட்டி எந்த டிவி?"

"அதை என்கிட்டயா கேக்கற?" என்றான்.

அடுத்த டிஸ்க் எங்கள் வீட்டில் ஓடவில்லை, பாஸ்டர் வீட்டில் ஓடியது. அதற்கடுத்தது இரண்டு வீட்டிலும் ஓடவில்லை, மச்சான் வீட்டில் நிறுத்தினாலும் நிற்காமல் ஓடியது. எது நல்ல டிஸ்க், எது கெட்ட டிஸ்க் என்று எனக்கே தலை சுற்றியது. ஒழுங்காகக் கெடுக்கக்கூட எனக்குத் துப்பில்லை.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. எல்லோரையும் எதற்கு மறைக்க வேண்டும்? என்னை மறைத்தால் போதாதா? விழாவில் பாட்டு வரும் பகுதியை மட்டும் எடுத்தேன். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி வலப்பக்கம் நகர்த்தினேன். வலது ஓரம் வெளியே போனது, கூடவே நானும் போனேன். மற்றதெல்லாம் ஃபிலிபோ சொன்னபடியே செய்தேன். மெதுவாக ஏற்றினேன், காகிதம் ஒட்டவில்லை, நாலு வீட்டில் போட்டுப் பார்த்தேன். நாலிலும் தலைமுடியை எண்ணலாம் போலிருந்தது.

லோசாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏங்க, என்ன தெளிவு! இதுக்குத்தான் ஆம்பளைன்னு ஒருத்தர் வீட்ல வேணும்."

"மெல்றவன் யாராவது தெரியறானா?"

"ஒருத்தனும் இல்லீங்க."

எனக்கு இறக்கை முளைத்தது. மறுநாளே பாஸ்டரின் தங்கை கையில் டிவிடி ஆக்லாந்து போனது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. லோசா வாசித்தாள்.

"டிவிடி பிரமாதம். எண்ணிப் பார்த்தோம். முப்பது பேருக்கும் டிக்கெட் போட்டாச்சு."

"முப்பதா? நாம முப்பத்தொண்ணாச்சே!"

"படத்துல முப்பதுதானேங்க இருக்கு."

"நான் ஓரத்துல வெட்டுப்பட்டுட்டேன் லோசா!"

"வெட்டினது யாரு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"மென்னது நீங்கதான்னு அன்னைக்கே தெரியும்."

"எப்படி? கேமராகூட உனக்குப் பின்னாலதானே இருந்துச்சு!"

"கேமரா பின்னால இருந்துச்சு. நான் யாரைப் பாத்துக் கை வீசிக்கிட்டிருந்தேன்?"

நாற்பது நிமிடம் என் எதிரிலேயே நின்றவள்! அது என் மண்டையில் ஏறவே இல்லை.

"அப்ப எதுக்கு இத்தனை டிஸ்க் போட வச்ச?"

"நாலு மாசம் கெஞ்சினேன், டேப் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்துச்சு. பயமுறுத்தினேன், ஒரே வாரத்துல தொழிலே கத்துக்கிட்டீங்க. மன்னிச்சுக் கூட்டிட்டுப் போகலாம்னுதான் இருந்தேன். நீங்களே உங்களை வெட்டிக்கிட்டா நான் என்ன பண்றது?"

விமான நிலைய வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டினேன். அத்தனை தூரத்திலும் படம் படு தெளிவு. விமான ஜன்னலோரத்தில் ஃபிலிபோ, வழிக்கு நான் சுட்டுக் கொடுத்த பன்றித் தோலை மென்றுகொண்டிருந்தான்.